மீட்டர் ஓடும்... வண்டி வரணுமே!

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஊரில் முதியவர்களுக்கு பஸ் இலவசம். பாட்டி ஒருவர் இருக்கிறார், வயது 80. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி பஸ் ஸ்டாப். ஆனால் அந்த இரண்டு தெருவும் செங்குத்தான மேடு. பாட்டிக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மேடு ஏற முடியாது. அந்த இலவச பஸ்ஸால் அவருக்கு எவ்வளவு லாபம்?

பூஜ்யம் தானே? டிக்கெட் விலையைக் குறைத்துக் குறைத்து பூஜ்யத்துக்கே கொண்டு வந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. அவருடைய பிரச்சினை டிக்கெட்டில் இல்லை, அந்த இரண்டு தெருவில் இருக்கிறது.

பாட்டி கற்பனை. ஊர் நிஜம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. அங்கே சில தெருக்களின் சரிவு எப்படியென்றால், நடைபாதையையே படிக்கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் பஸ், டிராமுக்கு மொத்தமாக 'மியூனி' என்று பெயர். குறைந்த, நடுத்தர வருமானமுள்ள முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2015 மார்ச்சில் மியூனியை இலவசமாக்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பஸ் வரைக்கும் போக முடியாதவர்களுக்கு?

அவர்களுக்காகத்தான் டாக்ஸி கட்டண மானியம். நம்ம வகுப்பில் மானியம் என்றால் என்ன படிக்கிறோம்? வரைபடத்தில் ஒரு கோடு கீழே இறங்கும், விலை குறையும், தேவை கூடும், ஐந்து மார்க். இந்தத் திட்டத்தைப் படித்த பிறகு அந்தக் கோட்டின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் திட்டம் எப்படி வேலை செய்கிறது?

1990இல் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் (சுருக்கமாக ஏ.டி.ஏ.) வந்தது. ஒரு ஊரில் பஸ் ஓட்டும் நிறுவனம், அந்த பஸ்ஸில் ஏற முடியாதவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். பஸ் தடத்திலிருந்து முக்கால் மைலுக்குள், பஸ் ஓடும் நேரத்திலெல்லாம் அது கிடைக்க வேண்டும். கட்டணம் சாதாரண பஸ் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. எனக்கு ரொம்பப் பிடித்த விதி இன்னொன்று உண்டு: "எதற்காகப் போகிறீர்கள்?" என்பதை வைத்து ஒருவருக்கு முன்னுரிமை கொடுக்கவோ மறுக்கவோ கூடாது. ஆஸ்பத்திரிக்கும் சீட்டாட்டத்துக்கும் ஒரே மரியாதை!

இந்த மாற்று வண்டி பெரும்பாலும் வேன். அதில் ஒரு சிக்கல், முந்தின நாளே பதிவு செய்ய வேண்டும். சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. நாளைக்கு மதியம் எனக்கு எங்கே போகத் தோன்றும் என்று எனக்கே தெரியாது, பாட்டிக்கு மட்டும் தெரியுமா?

சான் பிரான்சிஸ்கோ இங்கே சட்டம் கேட்டதற்கு மேல் ஒரு படி போனது. தகுதி உள்ளவர்களுக்கு ஒரு டெபிட் கார்டு. பயணி 6 டாலர் கட்டினால் கார்டில் 30 டாலர் ஏறும், அதாவது 80 சதவீத மானியம். சாதாரண டாக்ஸியைக் கூப்பிடலாம், இறங்கும்போது கார்டைத் தேய்க்கலாம். மீட்டரில் என்ன ஓடியதோ அது ஓட்டுநருக்கு முழுசாகப் போய்ச் சேரும். முந்தின நாள் பதிவு கிடையாது.

2020 ஏப்ரலில், கொரோனாவால் மியூனி பெரும்பாலான தடங்களை நிறுத்தியபோது, இதே 6-க்கு-30 கணக்கில் இன்னொரு கார்டும் வந்தது. 65 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். மளிகை, மருந்து, டாக்டர் போன்ற அத்தியாவசியப் பயணங்களுக்காக. ஊரடங்கு தளர்ந்த பிறகும் அது தொடர்ந்தது.

நகராட்சிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்கள் உடனே பிடித்துவிடுவீர்கள். வேன் என்றால் நிலையான செலவு. ஓட்டுநர் சம்பளம், ஷெட், இன்சூரன்ஸ், காலியாகத் திரும்பி வரும் ஓட்டம் எல்லாம் நம் தலையில். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் செலவு ஓடும். டாக்ஸி மாறும் செலவு. ஆள் ஏறினால் மட்டும் காசு. ஊரில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டியில் ஒரு சீட்டை அந்த நேரத்துக்கு மட்டும் வாங்குகிறோம். போதாக்குறைக்கு 2009 முதல் பஸ்ஸையும் டாக்ஸியையும் கவனிப்பது அங்கே ஒரே நகரப் போக்குவரத்து அமைப்புதான். ஆக இரண்டையும் சேர்த்துத் திட்டமிட முடியும்.

இதுவரை எல்லாம் சுபம். இனிமேல்தான் என் குறை.

குறை 1: சதவீதம் அப்படியே இருக்கும், பயணம் சுருங்கும்.

80 சதவீதம் என்று கேட்டால் பிரமாதமாக இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். 2011இல் அங்கே மீட்டர் 3.50 டாலரில் தொடங்கும், முதல் ஐந்தில் ஒரு மைல் அதிலேயே அடக்கம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐந்தில் ஒரு மைலுக்கும் 55 சென்ட். 4 மைல் போனால், 3.50 + (19 x 0.55) = 13.95 டாலர். டாக்டரிடம் போய்வர 27.90. ஆக 30 டாலருக்குள் ஒரு தடவை போய்வந்து விடலாம்.

2022இல் மீட்டர் ஏறியது. தொடக்கம் 4.15, பிறகு 65 சென்ட். அதே 4 மைல் இப்போது 16.50. போய்வர 33 டாலர். அதே 30 டாலர் இருந்தால் பாட்டி டாக்டரிடம் போய்விடுவார், திரும்பி வீடு வரைக்கும் வர முடியாது! (சிக்னலில் நிற்கும் நேரத்துக்கு மீட்டர் ஓடுவதை நான் சேர்க்கவே இல்லை.)

மானிய சதவீதத்தில் யாரும் கை வைக்கவில்லை, 80 எண்பதாகவே இருக்கிறது. ஆனாலும் பயணம் சுருங்கிவிட்டது. ஓட்டுநருக்கும் விலைவாசி ஏறுகிறது, அவர் கட்டணத்தை ஏற்றியது தப்பே இல்லை. மீட்டர் ஏறும்போதெல்லாம் கார்டின் வரம்பும் தானாக ஏற வேண்டும், அதுதான் நியாயம். இல்லையென்றால் யாரும் கையெழுத்துப் போடாமலேயே ஒரு மானியக் குறைப்பு நடந்துவிடும். எதிர்த்துப் போராடக்கூட ஒரு அறிவிப்பு இருக்காது.

இது சான் பிரான்சிஸ்கோவுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கட்டணத்தில் பாதியை அரசு தரும், ஒரு பயணத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு 30 ஆஸ்திரேலிய டாலராக இருந்து 2016இல் 60 ஆனது. ஒரே நாளில் இரண்டு மடங்காக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னால் எவ்வளவு பின்தங்கிப் போயிருந்திருக்கும்!

குறை 2: கார்டு இருக்கு, வண்டி எங்கே?

இதுதான் பெரிய குறை. மானியம் வாங்குபவரின் கையில் காசு கொடுக்கிறது. வண்டியைக் கொடுப்பதில்லை. ஊபர் பிறந்து வளர்ந்த ஊரே சான் பிரான்சிஸ்கோதான். ஊபரும் லிஃப்ட்டும் வந்த பிறகு டாக்ஸித் தொழில் என்ன பாடுபட்டது என்று சொல்லத் தேவையில்லை. 2010 முதல் நகராட்சியே ஒரு டாக்ஸி உரிமத்தை 2,50,000 டாலருக்கு விற்றது. கடன் வாங்கி அதை வாங்கிய ஓட்டுநர்கள் பலர் இன்னமும் அதிலிருந்து மீளவில்லை.

இதில் முதல் அடி வாங்கியது சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றும், சாய்தளம் வைத்த டாக்ஸிகள். அந்த வண்டியின் விலை அதிகம், பெட்ரோல் அதிகம், ஏற்றி இறக்க நேரமும் அதிகம். மீட்டரோ எல்லோருக்கும் ஒன்றுதான். ஓட்டுநர் கணக்குப் பார்த்தால் அதை ஓட்ட ஒரு காரணமும் இல்லை. ஊபர்காரரின் சொந்தக் காரில் சாய்தளம் இருக்கப் போவதும் இல்லை. இதைக் கவனித்துத்தான் கலிஃபோர்னியா 2018இல் ஒரு சட்டம் போட்டு, 2019 ஜூலை முதல் ஊபர் மாதிரி செயலிகளின் ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சென்ட் வசூலித்து, சக்கர நாற்காலி ஏறும் வண்டிகளுக்கு ஒரு நிதி உண்டாக்கியது.

என் கட்சி இதுதான். பயணிக்கு மட்டும் மானியம் போதாது, வண்டிக்கும் வழி பண்ண வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 2016இல் சக்கர நாற்காலிப் பயணியை ஏற்றும் ஓட்டுநருக்கான ஊக்கத்தொகையையும் பயணத்துக்கு 15 டாலராக உயர்த்தினார்கள். ஓட்டுநர் செலவிடும் அந்தப் பத்து நிமிஷத்துக்கும் விலை உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். லண்டன் இன்னும் கறார். 2000 ஜனவரி முதல் அங்கே உரிமம் பெற்ற கறுப்பு டாக்ஸி எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏற வேண்டும். தனி வண்டி தேடும் வேலையே இல்லை. அங்கேயும் 'டாக்ஸிகார்டு' என்று ஒரு மானியக் கார்டு 1982 முதல் இருக்கிறது. அந்தக் கார்டுக்கு மதிப்பு வருவது, கை காட்டினால் நிற்கும் வண்டியில் ஏற முடிவதால்தான்.

குறை 3: "அத்தியாவசியம்" என்ற வார்த்தை.

கொரோனா காலத்தில் அந்த வார்த்தை சரி. அப்போது நாம் எல்லோருமே அத்தியாவசியத்துக்குத்தான் வெளியே போனோம். ஆனால் பிறகு? நான் சினிமாவுக்கு பஸ்ஸில் போனால் எந்த கண்டக்டரும் "இது அத்தியாவசியமா தம்பி?" என்று கேட்பதில்லை. என் பஸ் டிக்கெட்டிலும் வரிப்பணம் இருக்கிறது. தோழி வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வர நினைக்கும் பாட்டியிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? 1990இல் போட்ட சட்டமே காரணம் பார்க்காதே என்கிறது. பின்னால் வந்த திட்டம் அதைவிடச் சின்ன மனசோடு இருக்கக் கூடாது.

எதிர்க்கேள்வி வரும், தெரியும். "இப்படி அள்ளிக் கொடுத்தால் ஏமாற்ற மாட்டார்களா? பணக்காரத் தாத்தாவும் வாங்குவாரே?"

முதல் கேள்விக்கு: ஐந்தில் ஒரு பங்கு பயணியின் சொந்தக் காசு. 16.50 டாலர் பயணத்தில் 3.30 அவருடையது. வேலையில்லாமல் ஊர் சுற்ற யாரும் அதைக் கட்டப் போவதில்லை. மீட்டரும் கார்டும் இருப்பதால் ஒவ்வொரு பயணத்துக்கும் பதிவும் இருக்கும்.

இரண்டாவது கேள்வி நியாயமானது, கொஞ்ச நாள் நானே அப்படித்தான் யோசித்தேன். ஆனால் ஏ.டி.ஏ. தகுதி வருமானத்தை வைத்து இல்லை. பஸ்ஸில் போக முடியுமா, முடியாதா, அவ்வளவுதான். பணக்காரர் பஸ்ஸில் ஏறினால் நாம் இறக்கிவிடுகிறோமா? இல்லையே. அப்படியென்றால் பஸ்ஸுக்குப் பதிலாக வரும் வண்டியிலும் அதே விதிதான் இருக்க வேண்டும். இதைத் தர்மக் கணக்கில் எழுதினால் "யாருக்குத் தர்மம்?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். பஸ் கணக்கில் எழுதினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

கடைசியாக ஒன்று. இனிமேல் எந்த ஊரிலாவது "டாக்ஸிக்கு இத்தனை சதவீதம் மானியம்" என்று தலைப்புச் செய்தி வந்தால், சதவீதத்தைப் பார்த்துக் கை தட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். மீட்டர் ஏறினால் வரம்பும் ஏறுமா? சக்கர நாற்காலி ஏறும் வண்டி கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வரும்? எதற்குப் போகிறாய் என்று கேட்பார்களா?

மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அப்புறம் 80 ஆனாலும் சரி, 50 ஆனாலும் சரி, அந்தப் பாட்டி டாக்டரிடம் போய்விட்டு, வழியில் தோழியையும் பார்த்துவிட்டு, வீடு வந்து சேர்ந்துவிடுவார். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள், சண்டை போடலாம்!