பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பைக் குலுங்காமல் போக, செலவில்லாத வழி முதலில்!

உசிலம்பட்டியிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அம்மாவைப் பைக்கில் உட்காரவைத்து அழைத்துவரும் மகன்களைத் தேனி சாலையில் எந்தக் காலையிலும் பார்க்கலாம். வெளிச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ஊருக்குள் நுழைந்ததும்தான் சோதனை. வேகத்தடை, தோண்டி மூடிய குழி, ரோட்டு மட்டத்துக்கு மேலே நிற்கும் மேன்ஹோல் மூடி.

“சீட்டு சரியில்லய்யா” என்பார் அம்மா. “ரோடு சரியில்லம்மா” என்பார் மகன். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஷோரூமிலிருந்து வண்டி வந்த நாள் முதல் யாரும் கை வைக்காத பின்பக்க ஷாக் அப்சார்பர்!

அடி ஏன் பின்னால் அதிகம்?

ஓட்டுபவர் பள்ளத்தை முன்கூட்டியே பார்த்துவிடுகிறார். கைப்பிடியைப் பிடித்து, காலை ஊன்றி லேசாக எழுந்துகொள்கிறார். பின்னால் இருப்பவருக்குப் பள்ளம் வருவதே தெரியாது. அவர் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல்தான் இறங்குகிறது. சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்தால் இடுப்பும் திரும்பியே இருக்கும்.

உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு, நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழுமாகக் குலுக்கும் அதிர்வுதான் அதிகம் உறைக்கும். கரடுமுரடான சாலையில் போகும் வண்டி இதையும் தவறாமல் கொடுக்கிறது. முதுகுவலிக்காரர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது சும்மா இல்லை.

ஒரு திருகல் போதும்!

ஷாக் அப்சார்பரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் அடியை வாங்குகிறது. உள்ளே இருக்கும் ஆயில், ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது. ஒருவருக்கென வைத்த அளவில் இருவர் ஏறினால், ஸ்பிரிங் உட்கார்ந்த உடனேயே நிறைய அமுங்கிவிடும். வேகத்தடை வரும்போது மேலும் அமுங்க இடம் இருக்காது. அப்போது கேட்கும் ‘டங்’ சத்தம்தான் முதுகுத்தண்டில் ஏறும் அடி.

ஸ்ப்ளெண்டர் போன்ற பல பைக்குகளில் பின் ஷாக்கை 5 படிகளில் மாற்றி வைக்கலாம். ஸ்பிரிங்கின் அடியில் படிக்கட்டு போல வெட்டிய வளையம் இருக்கும். அதை சி ஸ்பேனரால் திருப்ப வேண்டும். இருவர் போகும்போது ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள். தனியாகப் போகும்போது இறக்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருப்பது முக்கியம். நடுவில் ஒரே ஷாக் உள்ள வண்டி என்றால் மெக்கானிக்கிடம் சொல்லலாம். சில நிமிட வேலை.

அடுத்தது காற்று. செயின் கவர் அருகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ, தனியாகப் போக ஓர் அளவு, இருவர் போக ஓர் அளவு என்று போட்டிருக்கும். கண்மூடித்தனமாக நிறையக் காற்று அடித்தால் டயர் கல்லாகிவிடும். குறைத்தால் பள்ளத்தில் ரிம் அடிபடும். டயர் சூடாகும் முன் காலையில் பார்ப்பதே சரி.

எப்போது மாற்ற வேண்டும்?

வண்டியின் பின்பக்கத்தை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் ஷாக் நன்றாக இருக்கிறது. ஊஞ்சல் மாதிரி ஆடினாலோ, தண்டில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். முன் ஃபோர்க்கில் உள்ள ஆயிலையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்தேவிடுகிறோம்.

அதே மாடலுக்கான ஷாக்கைப் போடுவதில் சிக்கல் இல்லை. வண்டியின் அமைப்பையே மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும்.

மெத்தென்று இருந்தால் சுகமா?

சீட்டைக் கட்டைவிரலால் அழுத்தும்போது அடித்தகடு தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது என்று அர்த்தம். சீட் கடையில் “நல்லா மெத்துனு வைங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். மெத்தென்ற ஃபோம் பத்து நிமிடம் சுகம். அரை மணி நேரத்தில் அமுங்கி, மறுபடியும் தகட்டின் மேல்தான் உட்கார வேண்டும். அடியில் கெட்டியான ஃபோம், மேலே மெல்லிய மென்மையான அடுக்கு என்று கேளுங்கள். உயரம் கூடிவிடாமல், ஓட்டுபவரின் பாதம் தரையைத் தொட வேண்டும். பளபளக்கும் ரெக்ஸின் வேண்டாம். பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் முன்னால் சறுக்கிவருவார். மதுரை வெயிலுக்குத் துண்டை மடித்துப் போடுகிறவர்கள், அது நழுவாமல் கட்டிவிட வேண்டும்.

அழகுக்காகச் சிலர் சாரி கார்டையும் பின் கைப்பிடியையும் கழற்றிவிடுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்சீட் உள்ள வண்டிக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் வேண்டும் என்கிறது. சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1911-ல் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டி.வி.எஸ் குழுமம்தான், 1980-ல் டி.வி.எஸ் 50 மூலம் இரண்டு பேர் உட்காரும் மொபெட்டை நாட்டுக்கு முதலில் கொடுத்தது. பின்சீட்டுக்காரரையும் கணக்கில் எடுத்த வண்டி அது. நாமும் எடுப்போம்.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களையும் கர்ப்பிணிகளையும் எவ்வளவு நல்ல ஷாக் இருந்தாலும் பைக்கில் ஏற்றாமல், பஸ்ஸிலோ ஆட்டோவிலோ அழைத்துப் போவதே நல்லது.

இந்த ஞாயிற்றுக்கிழமை, லைசென்ஸ் உள்ள தம்பியிடமோ மகளிடமோ சாவியைக் கொடுங்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நீங்கள் பின்னால் உட்கார்ந்து உங்கள் தெருவை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். திரும்பி வந்ததும் ஸ்பேனரைத் தேடுவீர்கள்!