தெரிந்து வைத்துக்கொள்ளுங்களேன்!

குழந்தைகள் கேள்வி கேட்காத வீடு உண்டோ? வேலை மும்முரத்தில், "போய் அப்பாவைக் கேளு" என்று விரட்டிவிடுகிறோம். ஏன் விரட்ட வேண்டும், சகோதரிகளே? கைவசம் நாலு விஷயம் இருந்தால் கீரை ஆய்ந்துகொண்டே சொல்லிவிடலாமே! இந்த இதழுக்கு நாலு தருகிறேன். கடைசி விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வார்த்தை

சாவி, ஜன்னல், அலமாரி - தினமும் நம் கை படுகிற இந்த மூன்றும் தமிழ் வார்த்தைகள் அல்ல, போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை! நாமும் சும்மா இருக்கவில்லை. நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று. சுருட்டு, 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணியையும் வெள்ளைக்காரர்கள் விடவில்லை. அதில் இறைச்சியைச் சேர்த்து 'மல்லிகடானி' சூப் என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

சினிமா

தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-ல் வெளியானது. இதில் ஒரு வேடிக்கை. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார். கதாநாயகனோ தெலுங்கில் பதில் சொல்வார்! பெண்கள் நடிக்க வந்தாலே ஊர் ஏசிய காலம் அது. அந்த ராஜலட்சுமியே 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படத்தை டைரக்ட் செய்தார். தமிழில் முதல் பெண் டைரக்டர் அவர்தான். பெண் குழந்தைகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

பொழுதுபோக்கு

உலகின் முதல் தபால்தலை 1840-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. முதலில் வெளியிட்டவர்கள் என்பதால் இன்றைக்கும் அவர்கள் தபால்தலையில் நாட்டின் பெயர் இருக்காது. அரசர் அல்லது அரசியின் உருவம்தான் அடையாளம். சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை 1947 நவம்பர் 21-ல் வந்தது. தேசியக் கொடியும் 'ஜெய்ஹிந்த்' என்ற எழுத்தும் போட்டது. விலை மூன்றரை அணா. பரணில் பழைய கடிதக் கட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். தபால்தலையை உறையோடு கத்தரித்துத் தண்ணீரில் ஊறவைத்தால், பிய்யாமல் கழன்று வரும்.

பிராணி

பாம்பு மகுடி ஓசைக்கு ஆடுவதில்லை. அதற்கு வெளிக்காதே கிடையாது. மகுடி அசைவதைப் பார்த்துத்தான் தலையை ஆட்டுகிறது. பாலும் அதன் உணவல்ல. எலி, தவளைதான் அதற்கு ஆகாரம்.

நம் பக்கத்தில் பெரும்பாலான உயிர்ச்சேதத்துக்குக் காரணம் நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றில் கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைக் கடித்துவிடும். வலியும் தெரியாது, தடமும் சில சமயம் தெரியாது. தரையில் படுத்த குழந்தை விடியற்காலையில் வயிற்றை வலிக்கிறது என்று அழுது, கண் இமையும் தொங்கினால், ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் தூக்கிச் செல்லுங்கள். விஷமுறிவு ஊசிதான் மருந்து. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பு விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து இந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமோ? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய இருளர்கள்! அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது. இன்று ராத்திரியே செய்துவிடுங்களேன்!