காலை ஆறு மணி அலாரம்

டயர்க் காற்றைக் கண்காணிக்கும் கருவி அலாரம் அடித்தால் பழுது கருவியில்தான் என்பது, அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வீட்டையே இழுத்துக்கொண்டு திரிகிறவர்களிடம் வேரோடிப்போன நம்பிக்கை. ஆர்.வி. என்று அங்கே வழங்கும் இந்த வண்டிகளில் இரண்டு சாதி உண்டு. எஞ்சினும் வீடும் ஒரே உடம்பாக இருப்பது மோட்டார் ஹோம். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுப்பது டிரெய்லர். தமிழில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் ஏசி போட்டு நிற்கும் வண்டி நினைவுக்கு வரும். அது நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நிற்பதால் அதன் டயரைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. ஆர்.வி. ஓடுகிறது, கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பாலைவனத்திலிருந்து மலைக்கும் மலையிலிருந்து பாலைவனத்துக்கும் ஓடுகிறது. கருவி வாய் திறப்பது அதனால்தான்.

கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு முகாமில் ஓர் அக்டோபர் காலை. முந்தைய நாள் மாலை ஃபீனிக்ஸ் நகர எல்லையில், வெயிலில் ஓடி வந்து நின்ற டிரெய்லரின் நான்கு சக்கரத்துக்கும் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடித்தார்கள், ஒவ்வொன்றிலும் அச்சடித்தாற்போல 80 பி.எஸ்.ஐ. இரவு மேலே ஏறித் தங்கியாயிற்று. காலை ஆறு மணிக்குப் பிக்கப்பின் முன்கண்ணாடியில் உறைபனி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிய சின்னத் திரையில் நான்கு சக்கரமும் 69, 69, 70, 69 என்று சிவப்பில் கண்சிமிட்டுகின்றன. உரிமையாளர் தலையில் அடித்துக்கொண்டு, சிகரெட் லைட்டர் துளையிலிருந்து கருவியின் வயரைப் பிடுங்குகிறார். காபிக் கோப்பையோடு வந்த பக்கத்து வண்டிக்காரர் தீர்ப்புச் சொல்கிறார்: “எங்களுதும் இப்படித்தான் கத்தும். மத்தியானம் தானா சரியாயிடும்.” மத்தியானம் தானாகச் சரியாகியும் விடுகிறது. நம்பிக்கைக்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

நான்கு சென்சர்கள் ஒரே இரவில், ஒரே அளவுக்கு, ஒரே எண்ணைப் பேசிவைத்துக்கொண்டு கெட்டுப்போய், மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்றாகவே குணமாகியிருக்கின்றன. மருத்துவ உலகமே வியக்க வேண்டிய நோய். இதை நம்புகிறவர்கள், பூட்டிய டயருக்குள் காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும் என்ற பள்ளிக்கூடப் பாடத்தை நம்ப மறுக்கிறார்கள்.

கணக்கு எளிது. ஓடி வந்த டயருக்குள் காற்று 45 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், அங்கே காட்டிய 80 பி.எஸ்.ஐ.யோடு வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 14 சேர்ந்து மொத்தம் 94. கெல்வினில் 318 ஆக இருந்த வெப்பநிலை, விடியலில் பூஜ்யம் டிகிரிக்கு இறங்கும்போது 273 ஆகிறது. மொத்த அழுத்தமும் அதே விகிதத்தில் 81 அளவுக்கு விழுகிறது. தென்விளிம்பு 2,100 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே 11 சொச்சம்தான். அதைக் கழித்தால் மிஞ்சுவது 69. திரை சொன்ன அதே 69. உயரம் மூன்று பி.எஸ்.ஐ. அளவுக்குத் தயவு காட்டியிருக்காவிட்டால் திரையில் 67-க்கும் கீழே தெரிந்திருக்கும். 80-க்குப் பத்து சதவீதம் கீழே, அதாவது 72-ல், அலாரம் வைத்திருந்தால் கருவி கத்தாமல் என்ன செய்யும்? மதியம் வண்டி ஓடி டயர் சூடேறியதும் எண் மறுபடி 80-ஐத் தொடுகிறது, அலாரம் அடங்குகிறது. டயரில் ஒரு மூச்சுக் காற்றுகூட இதற்கிடையில் கூடவில்லை.

பிழை முந்தைய நாள் மாலையில் நடந்தது. டயர் அட்டவணைகளில் உள்ள எண்கள் எல்லாம் குளிர்ந்த டயருக்கானவை. வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகி, வெயில் நேராக விழாத டயர் என்று பொருள். சூடான டயரில் 80 பிடித்தவர் உண்மையில் 80 பிடிக்கவே இல்லை. மலை உச்சியில் விடிகாலையில் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஒரே ஆள் அந்தக் கருவி. அதற்குக் கிடைத்த மரியாதை, வயர் பிடுங்கல்.

69-க்கும் 80-க்கும் அப்படியென்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் சுமை அட்டவணையைப் பார்க்கலாம். டிரெய்லர்களில் சாதாரணமாகக் காணப்படும் எஸ்.டி. 225/75 ஆர்15 டயர் 80 பி.எஸ்.ஐ.யில் 2,830 பவுண்டு தாங்கும். 65-ல் 2,540 பவுண்டுதான். ஒரு சக்கரத்துக்கு 130 கிலோ வித்தியாசம், அதாவது இரண்டு ஆள் எடை. தண்ணீர்த் தொட்டி நிரம்பிய டிரெய்லர் தன் டயரின் உச்ச வரம்புக்குப் பக்கத்திலேயே நிற்பது வழக்கம் என்பதால் அந்த இரண்டு ஆள் எடைக்கு அங்கே இடமில்லை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிரும் ரப்பர் சூடாகிறது. சூடான ரப்பர் உள்ளிருக்கும் கம்பி வலையை விட்டுப் பிரிகிறது. பிரிந்த பட்டை சாட்டை போலச் சுழன்று சக்கர மறைப்பையும் தரையடித் தகட்டையும் கேஸ் குழாயையும் கிழித்துவிட்டுப் போகும். அதன் பிறகு கிடைக்கும் விளக்கம் வேறு: சீன டயர். “சைனா பாம்” என்றே அதற்கு அங்கே பெயர். டயர் எந்த நாட்டில் பிறந்தது என்று ஆராய்கிற அக்கறையில் பாதி, அது என்ன அழுத்தத்தில் ஓடியது என்பதில் இருப்பதில்லை. வேறு வேகக் குறியீடு இல்லாத எஸ்.டி. டயருக்கு மணிக்கு 65 மைல்தான் உச்சம். அதைப் பூட்டிக்கொண்டு 75-ல் பறப்பவரும் சீனாவைத்தான் திட்டுகிறார்.

கருவி மீதான இந்த இளக்காரத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறக்குறைய 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை, அந்த டயர்கள் பிரிந்த விபத்துகளில் 270-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வண்டிக்காரர்களுக்கு ஃபோர்டு சொன்ன அழுத்தம் 26 பி.எஸ்.ஐ.; 30 வேண்டும் என்றது டயர்க் கம்பெனி. இந்தச் சண்டையின் நடுவே அதே ஆண்டு பிறந்த சட்டத்தின் பேறாக, 2007 செப்டம்பர் முதல் தயாரான எல்லாக் கார்களிலும் காற்றுக் கண்காணிப்பு கட்டாயமாயிற்று. 4,536 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கும், அச்சில் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கும், டிரெய்லருக்கும் அது பொருந்தாது. மிச்சம் என்ன இருக்கிறது? ஆர்.வி.காரர் கடையில் வாங்கித் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். கூடவே பிறந்த விளக்குக்கு இருக்கும் மதிப்பு, காசு கொடுத்து வாங்கி ஒட்டிய திரைக்கு இல்லை.

அந்தக் கார் விளக்கு கெடுத்துவைத்த பழக்கமும் சிறிதல்ல. அழுத்தம் 25 சதவீதம் விழுந்த பிறகு எரிந்தால் போதும் என்பதே சட்டம். 80 பி.எஸ்.ஐ. டயருக்கு அந்தக் கணக்குப்படி 60 வரை விளக்கு வாய் திறக்காது. இருபதாண்டு அப்படியொரு ஊமையோடு வாழ்ந்தவர்களுக்கு, 72-லேயே பேசும் கருவி வாயாடியாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஒரே ஒரு சக்கரம் மட்டும் நாள்தோறும் குறைந்துகொண்டே வந்தால் அது குளிர் அல்ல, கசிவு. பஞ்சரை விட்டால் அடுத்த சந்தேகம் வால்வின் மேல்தான் விழ வேண்டும். தொழிற்சாலையில் செருகிவிடும் சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்கானது. அதன் தலையில் மூடிபோலத் திருகும் சென்சரை மாட்டினால், சக்கரம் சுழலும் வேகத்தில் அந்தச் சிறு எடை வால்வை வெளிப்பக்கம் இழுத்து இழுத்து அடித்தண்டில் வெடிப்பு விழவைக்கும். உலோக வால்வு மாற்றுவது பெரிய செலவில்லை. வண்டிக்கு லட்சம் டாலர் கொடுத்தவர்கள் அந்த இடத்தில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள். மூடி சென்சர் வால்வுக்குள் இருக்கும் ஊசியை எப்போதும் அமுக்கியே வைத்திருக்கும். ஆகவே அதன் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் சென்சர் வழியாகவே காற்று கசியும். சோப்பு நீரை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். இங்கே குற்றம் கருவியின் மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் திரையில் தெரிந்த எண் அப்போதும் பொய்யில்லை. தன் கசிவைத் தானே ஒப்புக்கொண்ட குற்றவாளி அது.

மோட்டார் ஹோமின் பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள்சக்கரத்துக்கு வால்வு நீட்டிப்புக் குழாய் போடுவார்கள். இணைப்பு தளர்ந்து காற்று இறங்கினாலும் வெளியே நிற்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து டயர் இருவர் சுமையையும் முதுகில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். கட்டையால் தட்டி ஓசை கேட்டுப் பார்ப்பது அங்கேயும் உண்டு, நம் லாரி கிளீனர்கள் செய்வது போலவே. அடியோடு காற்றிறங்கிய டயரை அது காட்டும். 69-க்கும் 80-க்கும் வித்தியாசம் சொல்லும் காது இன்னும் பிறக்கவில்லை.

எண் கூடினால் அடிக்கும் அலாரத்தின் கதை இதைவிட மோசம். குளிர்ந்த நிலையில் 20 டிகிரியில் பிடித்த 80, ஓட்டத்தில் டயர்க் காற்று 50 டிகிரியானதும் 90 ஆகும். இது இயல்பு; டயர் செய்தவர்கள் இதற்கு இடம்விட்டே செய்கிறார்கள். அலாரத்தை 20, 25 சதவீதம் மேலே வைத்தால் கருவி இதற்கெல்லாம் கத்தாது. ஐந்து சதவீதம் மேலே வைத்துவிட்டு, அது கத்தியதும் நிழலில் நிறுத்தி, வால்வு ஊசியை அமுக்கி, புஸ் என்று பத்து பி.எஸ்.ஐ. இறக்கிவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த டயர் மறுநாள் 20 டிகிரிக்கு வந்ததும் காட்டப்போவது 71. மீண்டும் காலை ஆறு மணி, மீண்டும் அலாரம், மீண்டும் “சென்சர் சரியில்லை”. தமிழ்நாட்டு பஞ்சர் கடைகளில் சித்திரை பிறந்ததும் கேட்கும் “வெயில் காலம், ரெண்டு பாயின்ட் குறைச்சே அடிங்க” என்பதும் இதே மூடநம்பிக்கையின் ஒன்றுவிட்ட சகோதரன். டயர் வெடிக்காமலிருக்கக் காற்றைக் குறைப்பது, காற்றுக் குறைந்ததாலேயே டயர் கூடுதலாகச் சூடாவது என்று அந்த வைத்தியமே நோயை வளர்க்கிறது. நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பது இன்னொரு கடைச்சரக்கு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பசை இல்லாதிருப்பது ஒரு சிறு நன்மை. மற்றபடி குளிர்ந்தால் அதுவும் சுருங்கும், காலை ஆறு மணிக்கு அதுவும் அலாரம் அடிக்கும்.

வெப்ப அலாரத்தை மட்டும் பெரும்பாலோர் கொஞ்சம் மதிக்கிறார்கள். எழுபது டிகிரி என்றால் பயம் வந்துவிடுகிறது. மூடி சென்சர் வால்வு முனையில், வெளிக்காற்று படும் இடத்தில் இருப்பதால் அது காட்டுவது டயரின் உள்வெப்பத்தைவிடக் குறைவு. வெயில் பக்கத்துச் சக்கரங்கள் நிழல் பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவதிலும் கோளாறில்லை. நான்கில் ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட்டுத் தனியாக ஏறினால், அந்தச் சக்கரத்தின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கலாம். கையை அருகே கொண்டுபோனாலே அனல் தெரியும்.

உண்மையிலேயே கருவி கெடும் இடங்கள் சில உண்டு. அவற்றின் அடையாளம் வேறு. சென்சரின் நாணய பேட்டரி தீர்ந்தால் எண்ணிருக்கும் இடத்தில் கோடுகள் வரும். நீளமான டிரெய்லரின் கடைசிச் சக்கரத்திலிருந்து வரும் வானொலி அலை உலோக உடம்பைத் தாண்டி முன்னால் வந்து சேராதபோதும் கோடுகள்தான். டிரெய்லரின் முன்பக்கம் ஓர் அலைபெருக்கி வைத்தால் தீரும். சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டியபின் திரையில் இடம் மாற்றாவிட்டால் இடதின் குறை வலதில் தெரியும். இவை எதிலும் நான்கு சக்கரத்துக்கும் ஒன்றாக 69 வராது. செத்துப்போன பேட்டரிக்கு எண்ணத் தெரியாது.

சந்தேகம் தீராதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு, பத்து நிமிட வேலை. வண்டி ஓடுவதற்கு முன், சந்தேகப்படும் சக்கரத்தின் சென்சரைக் கழற்றிப் பக்கத்துச் சக்கரத்திலும், அங்கிருப்பதை இங்கேயும் மாற்றித் திருகிப் பார்க்கலாம். குறைந்த எண் சென்சரோடு இடம் மாறினால் சென்சர் பழுது. சக்கரத்தோடே நின்றால் டயரிலோ வால்விலோ பழுது. நல்ல அளவி ஒன்றை வைத்துச் சரிபார்ப்பதும் உண்டு. சாவிக்கொத்தில் தொங்கும் பென்சில் போன்ற அளவியை நம்பிச் சென்சரைப் பொய்யன் என்பது, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சூரியன் தாமதமாக உதித்துவிட்டது என்பதற்கு ஒப்பானது. ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. முன்பின் இருப்பதை எந்தச் சென்சரும் மறுப்பதில்லை. பதினொன்று குறைவதை அந்தக் கணக்கில் எழுத முடியாது.

இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவர்கள் கருவியை விற்பதில்லை. விற்கிறவர்களின் பொருள் பழைய சாமான் சந்தைக்கு அட்டைப்பெட்டியோடு வருகிறது: நான்கு சென்சர், ஒரு திரை, லைட்டர் துளைக்கான வயர், பாதி விலை. பெட்டியின் மேல் பேனாவில் குறிப்பு: காலையில் மட்டும் கோளாறு.