விளங்காத விதி யாருக்கு?

மாத்தளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து பாடசாலைக்கு வரும் மாணவன் ஒருவன், தந்தையை இழந்த சில நாட்களின் பின் என்னிடம் வந்தான். கருமாதிக்கு இன்னின்ன தானங்களைக் கட்டாயம் கொடுக்கவேண்டும், கொடாவிடின் இறந்தவருக்குக் கதியில்லை என்று யாரோ ஒருவர் அவன் தாயாரிடம் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்திருந்தார்.

"சேர், சாத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டான்.

"இயன்றதைச் செய்தாற் போதும் என்று அம்மாவிடம் சொல்" என்றேன். அன்போடு சாத்தும் ஓர் இலையே ஆண்டவனுக்கு அமையும் என்னும் திருமந்திரக் கருத்தையும் எடுத்துரைத்தேன். அவன் வியப்போடு, "அந்தப் பாட்டைப் பரீட்சைக்கு மனனம் செய்தேனே, இதுதானா அதன் பொருள்?" என்றான்.

பல ஆண்டுகளாகச் சமயம் கற்பித்துவரும் எனக்கு அக்கேள்வி சுருக்கென்று தைத்தது. அவன் வீடு சேருமுன் தாயாரின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது என்பதைப் பின்னர் அறிந்தேன். பாட்டு அவன் நாவில் இருந்தது. பொருள் மட்டும் அந்த லயத்து வீட்டை எட்டவில்லை.

நம் ஊருக்கு இவ்விடயத்தில் ஒரு பெருமை உண்டு. நகருக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் வீதியில், அலுவிகாரை என்னும் குகைக் கோயில் இருக்கிறது. வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் ஏட்டில் எழுதப்பட்டது இங்கேதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் சூழ்ந்த அக்காலத்தில், ஓதுவார் மறைந்தால் நூலும் மறையுமே என்று பிக்குகள் அஞ்சினர். தம் போதனையைக் கற்றோருக்கே உரிய செய்யுள் நடையில் அமைக்கவேண்டாம் எனப் புத்தர் விலக்கியதாக விநயபிடகம் கூறுவதும் இங்கே நினைக்கத்தக்கது. ஏட்டில் எழுதுவது பாதுகாப்பு. எளிதாக உரைப்பதே பயன்.

1848 ஆம் ஆண்டில் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் பழைய ஏடுகள் அழிந்தன. அதே ஆண்டில், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதற்குச் சற்று முன்னர், 1847 டிசம்பர் 31 அன்று, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்த நாவலர், மக்களுக்கு விளங்கும் உரைநடையின் வலிமையை நன்கு உணர்ந்தவர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களாலான பெரியபுராணத்தை அவர் வசனமாக எழுதி 1852 இல் வெளியிட்டார். சிறுவருக்குப் பாலபாடமும், வினாவும் விடையுமாய்ச் சைவ வினாவிடையும் இயற்றினார். எளிமைக்காக இலக்கணத்தை அவர் கைவிடவில்லை. இலக்கணத்துக்காக எளிமையையும் கைவிடவில்லை.

எனினும் ஒரு குறையை மறைத்தல் முறையன்று. சாதி வேற்றுமையை நாவலர் நீக்க முனைந்தாரல்லர். எளிய நூல் பிறந்தது. ஆயின் எல்லாருடைய வாயிலையும் அது அடையவில்லை. அடைவிப்பது நம் கடமை. வேற்றுச் சமயத்தாரும் இக்கடமையை உணர்ந்துள்ளனர். 1963 ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கத்தோலிக்க வழிபாட்டில் அந்தந்த நாட்டு மக்களின் மொழியை வழங்க இடமளித்தது.

"எளிதாகச் சொன்னால் சாத்திரத்தின் மதிப்புக் குறையாதா?" என்று சிலர் கேட்கலாம். குறையாது. விளங்காத விதியிலே அச்சம் பிறக்கும். அந்த அச்சத்தைப் பிறர் தம் வருவாயாக்குவர். விளங்கிய விதியிலே பக்தி பிறக்கும். ஆழமான நுட்பங்கள் கற்றோருக்கு என்றும் இருக்கும். ஆனால் ஓர் ஏழைத் தாய் செய்யவேண்டியது எது, செய்யாமல் விடக்கூடியது எது என்பதை அவள் அறியும் சொற்களிற் கூறுவதற்குத் தடை என்ன?

மாணவர்களே, இந்த வாரம் நீங்கள் மனனம் செய்த ஒரு தேவாரத்தின் பொருளை வீட்டில் பாட்டிக்குச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு விளங்காவிடின் உங்களுக்கும் விளங்கவில்லை என்று கொள்ளுங்கள்; மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள். பெற்றோர்களே, கிரியை செய்விக்கும் குருக்களிடம் ஒவ்வொன்றின் காரணத்தையும் பணிவோடு வினவுங்கள். அறிந்தவர் மகிழ்ந்து சொல்வார்.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். இப்பொழுதெல்லாம் வகுப்பில் பாட்டை ஒப்புவித்தவுடன் புள்ளி இடுவதில்லை; "அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வாய்?" என்று கேட்ட பின்னரே இடுகிறேன்.