நாலு நூலும் ஒரே நீளம்!

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஹாட்ஸிக்கி சகோதரர்கள் 1980களின் இறுதியில் உருவாக்கியது, ஒரு வகை நாலு நூல் பட்டம். இரு கைப்பிடி, ஒவ்வொன்றிலும் மேல்நூல், கீழ்நூல். கீழ்நூல்களை இழுத்தால் பிரேக். இன்னும் இழுத்தால் ரிவர்ஸிலும் பறக்கும்!

மாமா வாங்கித் தந்த அப்படியொரு புதுப் பட்டத்தைக் கடற்கரையில் ஏற்றினேன். ஒரே பக்கமாகச் சுழன்று மண்ணில் குத்தியது. "காத்து சரியில்லடா" என்றேன். நண்பனோ நாலு நூலையும் ஒரே குச்சியில் மாட்டி இழுத்துப் பார்த்தான். ஒன்று 2 அங்குலம் குட்டை! சரிசெய்ததும் அந்தரத்தில் அசையாமல் நின்றது.

ஒர்க்‌ஷாப்பில் ஜாப் ரிஜக்ட் ஆனால் லேத்தைத் திட்டுகிறோம். போன செமஸ்டர் அரியருக்கு நான் கேள்வித்தாளைத் திட்டினேன். குட்டையாக இருந்தது என் படிப்புதான். முதலில் அளப்போம், பழியை அப்புறம் பார்க்கலாம்!