மரைக்கால் மாறினால் விளைச்சல் மாறுமா?

பொலிஸ் திணைக்களத்தின் குற்றக் கணக்கு வெளிவரும்போதெல்லாம் ஒரு காட்சியைக் காண்கின்றோம். பாலியல் வல்லுறவு முறைப்பாடுகளின் தொகை கூடியிருந்தால், "நாடு கெட்டது" என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் அலறுகின்றன. குறைந்திருந்தால் ஒரு மூலையில் ஒதுக்குகின்றன. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய நம் கரையோர ஊர்களிலோ, அடுத்த சமூகத்தைப் பழிக்கவும் அத்தொகை கருவியாகின்றது.

நெல் அளக்கும் விவசாயி அறிவான்: மரைக்காலை மாற்றினால் எண் மாறும், விளைச்சல் மாறாது. குற்றத்துக்குச் சட்டம் தரும் வரைவிலக்கணமும் அத்தகைய மரைக்காலே.

1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் நம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, சம்மத வயதை 12 இலிருந்து 16 ஆக உயர்த்தியது. அதற்குமுன் கணக்கில் ஏறாதவை ஏறலாயின. இது ஒழுக்கத்தின் வீழ்ச்சியன்று, சட்டத்தின் விழிப்பு. இந்தியாவிலும் 2013 இல் வரைவிலக்கணம் விரிந்தது. முறைப்பாட்டை ஏற்க மறுக்கும் பொலிசாருக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. 2012 இல் 24,923 ஆக இருந்த வழக்குகள் 2013 இல் 33,707 ஆயின. தில்லிக் கொடுமைக்குப்பின் பெண்கள் துணிந்து வாய்திறந்ததையும் அவ்வெண்ணில் காணவேண்டாமா?

நமது 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் சிலரை வெளியிலும் நிறுத்தியது. நீதிமன்றத்தால் பிரிக்கப்படாத மனைவி மீது கணவன் புரியும் பலாத்காரத்தை அது வல்லுறவாகக் கொள்ளவில்லை. 12 வயதைக் கடந்த மனைவிக்கு, 16 நிரம்பாவிடினும், வயதின் காப்பு இல்லையென்றது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ விவாகத்துக்குக் குறைந்தபட்ச வயதை விதிக்காமலே இயற்றப்பட்டது. ஆகவே அவ்விதிவிலக்கு நம் வீட்டு வாசலையே தொட்டது. ஆண்பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமை வேறு பிரிவில், வேறு பெயரில் எழுதப்பட்டது.

எனவே, "எமது ஊரில் தொகை சிறிது" என்று மார்தட்டுவோர் சற்றே சிந்திக்கட்டும். குடும்ப மானம் கருதி, பெரியவர்கள் இணக்கம் பேசி மூடிவிட்டவை எந்த ஏட்டில் உள்ளன?

பத்திரிகைகளுக்கும் கடமையுண்டு. முறைப்பாடு வேறு, குற்றப்பத்திரம் வேறு, தீர்ப்பு வேறு; எதனை எண்ணினோம் என்று எழுதவேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 1995 திருத்தத்தின்படியே குற்றம். "கற்பழிப்பு" என்னும் சொல் பழியை அவள் தலையிலேயே ஏற்றுகின்றது, அதனைக் கைவிடவேண்டும். குற்றவாளியின் சமூகத்தைத் தலைப்பில் இடுவது நீதிக்கும் உதவாது, ஊரின் அமைதிக்கும் உதவாது.

தொகை கூடியதென்று வெட்கப்படுமுன், முறையிடத் துணிந்த பெண்ணை நாம் காத்தோமா என்று கேட்போமாக!