துண்டுச் சீட்டும் விசாவும்: ஊழியர் நிலைப்பது எதனால்?

புலம்பெயர் நாடுகளில் தமிழர் கூடும் விழாக்களிலும் விருந்துகளிலும் ஒரு முறையீடு ஓயாது ஒலிக்கிறது. தொழில் நடத்துவோரும் மேலாளர் பதவியில் இருப்போரும் ஒன்றாக அமர்ந்தால், "இக்காலத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை, பயிற்சி கொடுத்து ஆளாக்கினால் இரண்டே ஆண்டுகளில் பறந்துவிடுகின்றனர், நன்றியுணர்வே அற்றுப்போயிற்று" என்று அங்கலாய்ப்பது வழக்கம். அருகிலிருக்கும் பெற்றோரும் தலையசைத்து, தாங்கள் ஒரே நிறுவனத்தில் இருபது ஆண்டுகள் உழைத்த வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பர். பிள்ளைகள் மரியாதை கருதி வாய்மூடி இருப்பர்.

இந்த முறையீடு தலைகீழானது. போனவர் ஏன் போனார் என்று கேட்போர், இருப்பவர் ஏன் இருக்கிறார் என்று கேட்பதில்லை. விரும்பி இருக்கிறாரா? அல்லது போவதற்கு வழியில்லாமல் இருக்கிறாரா? இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாத நிறுவனத்தில் பணியிடப் பண்பாடு என்று ஒன்று உருவாகவே இயலாது. வேறு எந்த இனத்தவர்க்கும் மேலாக இவ்வேறுபாட்டைத் தமிழர் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், ஆளைக் கட்டிவைத்து வேலை வாங்கும் முறையின் கொடுமையைத் தலைமுறை தலைமுறையாக உடலால் அறிந்தவர்கள் தமிழர்கள்.

துண்டு என்னும் விலங்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர், வேலை தொடங்கும் முன்னரே கடனாளிகளாயினர். ஊரில் பெற்ற முன்பணமும் பயணச் செலவும் கங்காணியின் கணக்கில் அவர்கள் பெயரில் ஏறின. அக்கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நீங்க இயலாது. நீங்க வேண்டுமாயின், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்ட நிருவாகம் எழுதித்தரும் 'துண்டு' வேண்டும். புதிய தோட்டத்துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். தொழிலாளர் இடம் மாறினர். கடனும் அவர்களோடு மாறியது. 1921ஆம் ஆண்டில்தான் இத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அக்காலத் தோட்டத்துரைமாரும் தங்களிடம் ஆட்கள் நிலைத்து இருப்பதாகவே கணக்கு எழுதினர். பேரேட்டின்படி அது உண்மை. ஆயினும் அதனை விசுவாசம் என்று எவரேனும் கூறுவாரா?

இன்றைய கணினிப் பொறியாளரின் நிலையும் தோட்டத் தொழிலாளியின் நிலையும் ஒன்றே எனக் கூறுவது மலையகத்து முன்னோரின் துயரைச் சிறுமைப்படுத்துவதாகும். கூலியிலும் உரிமையிலும் வாழ்விலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஆயினும் 'இவர் போக முடியாது. ஆகவே இவரை எப்படியும் நடத்தலாம்' என்னும் எண்ணம் மட்டும் நூறாண்டு கடந்தும் சாகவில்லை.

விசாவைச் சாட்டையாக்குவோர்

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரிபவர் வேலையை இழந்தால், அந்நாட்டில் தங்கி வேறு வழி தேடிக்கொள்ள அவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாட்கள். நிறுவனம் மாறச் சட்டம் இடமளிக்கிறது. எனினும் புதிய நிறுவனம் மனுச் செய்தாக வேண்டும். கிரீன் கார்டு நடைமுறை தொடக்க நிலையில் இருப்பின், அதனை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தோருக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்னும் வரம்பினால், இந்தியாவில் பிறந்தோர் பல்லாண்டு காத்திருக்கின்றனர். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபோது, வரிசையில் நின்றோரின் அச்சம் மேலும் மிகுந்தது.

இவ்வச்சத்தை முதலீடாகக் கொண்டு தொழில் நடத்துவோர் நம்மவரிலும் உண்டு என்பதை மூடிமறைப்பதில் பயனில்லை. திட்டப்பணி இல்லாத மாதங்களில் ஊதியத்தை நிறுத்துவது, விசா மனுவின் செலவை ஊழியரின் தலையில் கட்டுவது, முன்கூட்டியே விலகினால் அபராதம் என்று மிரட்டுவது, கிரீன் கார்டு பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியன ஊரறிந்த இரகசியங்கள். பணி இல்லை என்று கூறி எச்-1பி ஊழியரின் ஊதியத்தை நிறுத்தக் கூடாது. மனுவுக்கான செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். முன்கூட்டியே விலகுவதற்கு அபராதம் விதிக்கக் கூடாது என்பவை அமெரிக்கச் சட்ட விதிகள். இவற்றை மீறுவோர் தமிழ்ச் சங்க மேடையில் பொன்னாடை பெறுகின்றனர். அவரிடம் வேலை பார்க்கும் இளைஞர் கடைசி வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறார். இதனைப் பண்பாடு என்பதா, பண்பாட்டின் பெயரால் நடக்கும் அநீதி என்பதா?

ஃபோர்டு கற்ற பாடம்

கட்டுப்பாட்டினால் ஆட்களை நிறுத்த முடியாது என்பதை முதலாளித்துவத்தின் பேரரசர்களே பட்டறிந்துள்ளனர். 1913இல் ஃபோர்டு நிறுவனம் ஹைலண்ட் பார்க் தொழிலகத்தில் நகரும் உற்பத்தி வரிசையை நிறுவியது. ஒரே அசைவை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்யும் அவ்வேலையைத் தாங்காது தொழிலாளர் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். அவ்வாண்டில் ஆட்கள் மாறும் விகிதம் ஏறத்தாழ 370 விழுக்காடு. ஏறக்குறைய 14,000 பேர் கொண்ட தொழிலகத்தை நடத்த அந்த ஓராண்டில் 50,000க்கும் மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது.

1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியத்தை அறிவித்தார். அதற்கு முன்னிருந்த ஊதியத்தைப் போல் அது ஏறத்தாழ இருமடங்கு. வேலை நேரமும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைந்தது. அவ்வாண்டில் வெளியேறுவோர் விகிதம் 54 விழுக்காடாக வீழ்ந்தது. தொழிலாளரின் குணம் ஓராண்டில் மாறிவிடவில்லை. மாறியது ஊதியமும் நேரமும்.

இதில் மறுபக்கமும் உண்டு. அந்த 5 டாலர் எல்லாருக்கும் நிபந்தனையின்றிக் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் சமூகவியல் துறை ஆய்வாளர்கள் தொழிலாளரின் வீடு புகுந்து, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு துப்புரவாக உள்ளதா என்று சோதித்தனர். புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர் ஆங்கிலம் கற்கவும் பணிக்கப்பட்டனர். ஊதியத்தைக் கொடுத்துவிட்டு வாழ்க்கையையும் விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணும் மனப்போக்கு அது. இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் கட்டளையிடும் இன்றைய மேலாளரிடமும் அதே மனப்போக்கே குடிகொண்டுள்ளது.

அதே மனிதர்கள், வேறு தொழிலகம்

கலிபோர்னியாவின் ஃபிரீமாண்ட் நகரத்துக் கார் தொழிலகத்தின் வரலாறு இதனினும் தெளிவானது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அதனை 1982இல் இழுத்து மூடியது. வேலைக்கு வராதோர் விகிதம் 20 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. தரம் தாழ்ந்திருந்தது, வேலைநிறுத்தங்கள் மலிந்திருந்தன. தொழிலாளரே குற்றவாளிகள் என்று நிருவாகம் கூறிற்று.

1984இல் அதே தொழிலகத்தை டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்சும் இணைந்து நும்மி என்னும் பெயரில் திறந்தன. தொழிற்சங்கம் மாறவில்லை. தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் முன்பு அங்கு வேலை பார்த்தவர்களே. ஆனால் இம்முறை வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும், குறை கண்டால் மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம்; தேவையெனில் உற்பத்தி வரிசையே நிற்கும். இழுத்தவரை எவரும் ஏசுவதில்லை. குழுத்தலைவர் ஓடிவந்து உதவுவார். வேலையின் முறைகளை வகுப்பதிலும் தொழிலாளருக்குப் பங்கு இருந்தது. வேலைக்கு வராதோர் விகிதம் 3, 4 விழுக்காட்டுக்கு இறங்கியது. 1988இல் விற்பனை சரிந்து தொழிலகத் திறனில் 60 விழுக்காட்டுக்கும் குறைவே பயன்பட்டபோது, நிருவாகம் ஆட்குறைப்புச் செய்யவில்லை. ஆட்களைப் பயிற்சிக்கும் பராமரிப்புப் பணிக்கும் அனுப்பியது. சொன்ன சொல்லைக் கடினமான நாளில் காத்ததனால் அந்நிருவாகத்தின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. 2010இல் அத்தொழிலகம் மூடப்பட்டது; ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நடைமுறைக்குச் சென்று கூட்டிலிருந்து விலகியதை அடுத்து அது நிகழ்ந்தது. அந்த முடிவு, ஒரே மனிதர்கள் இருவேறு நிருவாகங்களின்கீழ் இருவேறு விதமாக உழைத்தார்கள் என்னும் உண்மையை மாற்றாது.

போகும் உரிமையே நிறுவனத்தை வளர்க்கிறது

'போகவிட்டால் எல்லாரும் போய்விடுவர்' என்று அஞ்சுவோர் சிலிக்கான் பள்ளத்தாக்கைக் காணட்டும். போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்னும் ஒப்பந்தங்கள் கலிபோர்னியாவில் 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பெரும்பாலும் செல்லாதவை. பொறியாளர்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் தாவினர்; தாங்களே புதிய நிறுவனங்களையும் தொடங்கினர். அன்னாலீ சாக்சேனியன் 1994இல் வெளியிட்ட நூலில், பாஸ்டன் நகரைச் சூழ்ந்த பழைய தொழில் வட்டாரம் பின்தங்கியதற்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கு முன்னேறியதற்கும், இப்படி ஆட்களும் அறிவும் தடையின்றிப் புழங்கியதை ஒரு முதன்மையான காரணமாகக் காட்டினார்.

அப்பள்ளத்தாக்கின் பெருநிறுவனங்களே பின்னாளில் இவ்வுரிமைக்குக் கள்ளத்தனமாகப் பூட்டுப் போட முயன்றன. ஒருவர் ஆளை ஒருவர் அழைப்பதில்லை என்று தமக்குள் உடன்பாடு செய்துகொண்டன. 2010இல் அமெரிக்க நீதித்துறை அதில் தலையிட்டது. ஏறத்தாழ 64,000 ஊழியர் சார்பில் நடந்த வழக்கில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகிய நிறுவனங்கள் 41.5 கோடி டாலர் வழங்க 2015இல் தீர்வு ஏற்பட்டது. இலவச உணவும் விளையாட்டு அறையும் தந்த நிறுவனங்கள், மறைவில் ஊழியரின் ஊதியம் உயரும் வழியை அடைத்திருந்தன. கவர்ச்சிப் பொருள்களைக் கண்டு பணியிடத்தை எடைபோடும் இளையோர் இதனை நினைவில் இருத்த வேண்டும்.

வாய் திறக்கும் உரிமை

ஊதியமும் விடுதலையும் இருந்தும் ஒன்று குறைந்தால் மனிதர் நிலைப்பதில்லை. அது அஞ்சாமல் பேசும் உரிமை. ஏமி எட்மண்ட்சன் என்னும் ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, சிறந்த குழுக்களிலேயே தவறுகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறுகளை மறைக்காமல் கூறியதே காரணம் என்று அவர் கண்டார். பின்னர் கூகுள் நிறுவனம் தன் 180க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தபோதும், குழுவின் வெற்றிக்கு முதன்மையான அடிப்படை இந்த உளப் பாதுகாப்பே என்னும் முடிவுக்கு வந்தது.

இவ்விடத்தில் நம் வளர்ப்பு முறையைக் கேள்விக்குள்ளாக்க வேண்டியுள்ளது. பெரியோர் பேசும்போது எதிர்த்துப் பேசாமை இல்லத்தில் நற்பண்பாகலாம். அலுவலகத்தில் அது மென்பொருளின் பிழையையும் கணக்கின் ஓட்டையையும் மறைக்கும் மௌனமாகிறது. தமிழ் மேலாளர் பலர் அம்மௌனத்தைத் தமக்குரிய மரியாதை எனக் கொள்கின்றனர். அது மரியாதையன்று, வெளியேறுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் பொறுமை.

ஊழியரைத் தமக்குள் மோதவிடுவதும் இத்தகையதே. ஒவ்வொரு குழுவிலும் சிலரைக் கடைநிலையினர் என்று முத்திரை குத்தியே தீர வேண்டும் என்னும் தரவரிசை முறையை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2013 நவம்பரில் கைவிட்டது. உடன் பணிபுரிபவரின் வீழ்ச்சி தனக்கு ஆதாயம் என்னும் நிலையில் எவர் எவருக்குக் கற்றுக்கொடுப்பார்?

சிறு நிறுவனங்களின் சாக்குப்போக்கு

'பெருநிறுவனங்களுக்கு இவை இயலும்; பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துவோர்க்கு இயலுமா?' என்று சிலர் வினவுவர். ஊதியத்தில் பெருநிறுவனத்தோடு போட்டியிட இயலாது என்பது மெய்யே. ஆனால் ஊதியத்தைக் குறித்த நாளில் வழங்குவதற்குப் பெரு முதலீடு வேண்டுமா? பதவி உயர்வு எதன் அடிப்படையில் என்று ஒரு தாளில் எழுதித்தருவதற்குச் செலவு என்ன? உறவினர் மகனுக்கும் பிறர் மகளுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதற்கு எந்த வங்கியில் கடன் பெற வேண்டும்?

'பயிற்சிச் செலவு வீணாகிறதே' என்பது மற்றொரு வாதம். பயிற்சி பெற்றவர் உடனே வெளியேறுகிறார் எனில், பயிற்சிக்குப் பின் அவருக்குத் தரப்பட்ட வேலையையும் ஊதியத்தையும் முதலில் ஆராய வேண்டும். புதிய திறனுக்குப் பழைய ஊதியத்தைத் தந்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பது வாணிகமும் அன்று, அறமும் அன்று. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று வள்ளுவர் தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் அறிவுறுத்தியுள்ளார். மேடைதோறும் குறள் முழங்குவோர் அதனைத் தம் அலுவலகத்திலும் கடைப்பிடிக்கலாமே!

செய்ய வேண்டுவன

தொழில் நடத்தும் தமிழர், தம்மிடம் உள்ளோரின் விசா ஆவணங்களை மிரட்டும் கருவியாக்குவதை இன்றே கைவிட வேண்டும். விலகுவோரை மனமுவந்து வழியனுப்ப வேண்டும். அவ்வாறு சென்றவரே நாளை திரும்பி வரவும், நல்லோரை அனுப்பிவைக்கவும் கூடும். சங்கங்களும் தம் பங்கைச் செய்ய வேண்டும். ஊதியத்தை நிறுத்திவைப்பவர் எத்துணை நன்கொடை அளிப்பினும், அவருக்கு மேடையில் இடம் தரலாகாது.

பெற்றோர், பணி மாறும் பிள்ளைகளை நிலையற்றவர் என்று பழிக்கும் முன், எதனால் மாறினர் என்று கேட்க வேண்டும். இருபது ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்த தம் கதையில் விருப்பம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்பதையும் பிள்ளைகளிடம் மனந்திறந்து கூற வேண்டும்.

இளையோர், நேர்காணல் என்பது தாங்களும் வினா எழுப்பும் இடம் என்று உணர வேண்டும். இப்பணியில் முன்பிருந்தவர் ஏன் விலகினார்? கடைசியாக யார் மேலாளரின் முடிவை மறுத்துப் பேசினார், பின் என்ன நடந்தது? பதவி உயர்வின் விதிகள் எழுத்தில் உள்ளனவா? இவ்வினாக்களுக்கு முகம் சுளிக்கும் நிறுவனத்தில், எவ்வளவு ஊதியம் தரினும், கையெழுத்திடும் முன் இருமுறை சிந்திக்க வேண்டும். நாளை அவர்களே மேலாளராகும்போது, இதே வினாக்களைக் கேட்கும் புதியவருக்கு நேரான விடை கூறும் துணிவும் அவர்களுக்கு வேண்டும்.

துண்டு முறை ஒழிந்து நூறாண்டு கடந்துவிட்டது. அதனைத் தமிழரே தமிழருக்கு வேறு பெயரில் எழுதிக்கொடுக்கும் இழிநிலை இனியேனும் ஒழிய வேண்டும். கதவைத் திறந்து வைத்த பின்னரும் எத்தனை பேர் இருக்கின்றனர் என்று ஒவ்வொரு தமிழ் முதலாளியும் எண்ணிப் பார்க்கட்டும்!